லயத்து வாசலில் நிற்பவர்கள்

(யட்டியாந்தோட்டையில் தோட்டத்துப் பெண்களுக்காக நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



கூப்பிடாமல் வந்து தொந்தரவு தருகிறவர்களை எப்படிச் சமாளிப்பது என்று பேசச் சொன்னார்கள். போனில் வருகிற ஆட்களைப் பற்றிச் சொன்னால் போதும் என்றுதான் அழைத்தவர்கள் நினைத்திருப்பார்கள். கொழும்பில் கூட்டம் என்றால் அது போதும். அங்கே மதில் இருக்கிறது, கேட் இருக்கிறது, கேட்டுக்குப் பின்னால் நாய் இருக்கிறது. அந்நியர் உள்ளே நுழைய மிச்சமிருக்கிற வழி போன் ஒன்றுதான். நம்முடைய லயத்து வரிசை வீடுகளில் முன் திண்ணையான இஸ்தோப்பைத் தாண்டினால் காம்பரா என்கிற அறை. வருகிறவர் செருப்பைக் கழற்றுகிற இடத்தில் நின்று பார்த்தாலே அடுப்பில் என்ன வேகிறது என்று தெரியும். ஆகவே முதலில் வாசல். போன் பிறகு.

10ஆம் திகதி சம்பளம். 9ஆம் திகதி வரை லயத்துப் பாதையில் வெளியாள் முகம் அதிகம் தெரியாது. 10ஆம் திகதி பின்னேரம் பாருங்கள். பிளாஸ்டிக் கதிரை ஏற்றின லொறி வரும். மெத்தை கட்டின திரீவீலர் வரும். பொட்டணி சுமந்த புடவைக்காரர், இலவசமாகக் கண் பார்க்கிறோம் என்று மூக்குக்கண்ணாடிப் பெட்டியோடு ஒரு குழு, டை கட்டின இன்சூரன்ஸ் தம்பி, கிழமைக் கடன்காரர். நம் சம்பளத் திகதியை நம்மைவிட நன்றாக மனப்பாடம் செய்து வைத்திருப்பவர்கள் இவர்கள்தான். தேர்தல் காலத்தில் வருகிறவர்களை இதில் சேர்க்கவில்லை. அவர்களுக்குத் தனியாக ஒரு கூட்டம் வைக்க வேண்டும்.

எல்லாரையும் ஒரே தராசில் போடவும் நான் தயாரில்லை. இருபது வருடமாக அதே லயத்துக்கு வருகிற பொட்டணிக்காரரை எனக்குத் தெரியும். பெரிய மகளுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். மழைக்குப் பால்வெட்டு நின்றுபோன மாதத்தில், "அடுத்த மாசம் பார்ப்போம் அம்மா" என்று கொப்பியை மூடிக்கொண்டு போவார். அவரை விரட்டச் சொல்லி நான் இங்கே வரவில்லை. நாளைக்கும் இதே வழியால் வரவேண்டியவர் ஏமாற்ற யோசிப்பார். ஒரே தடவை வந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, மறுபடி வேறொருவரை அனுப்புகிற ஆளிடம்தான் கவனம் வேண்டும்.

தண்ணீர் வடிகட்டி விற்கிறவர்கள் பல நாடுகளில் காட்டுகிற வித்தை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு கிளாஸ் வைப்பார்கள். ஒன்றில் நம் பீலித் தண்ணீர், மற்றதில் அவர்கள் மெஷினில் வடித்த தண்ணீர். இரண்டிலும் கம்பி விட்டுக் கரண்ட் கொடுப்பார்கள். நம் தண்ணீர் செம்மண் நிறமாக மாறும், அவர்கள் தண்ணீர் தெளிவாக இருக்கும். "பாருங்கம்மா, இதைத்தான் பிள்ளைக்குக் குடுக்கிறீங்க" என்பார்கள். உண்மையில் அந்த நிறம் கம்பியிலிருந்து வருகிறது. சாதாரணத் தண்ணீரில் உப்புகள் இருப்பதால் கரண்ட் பாயும், கம்பியிலுள்ள இரும்பு கரைந்து துருவாகத் தெரியும். உப்பு முழுவதும் நீக்கிய தண்ணீரில் கரண்ட் அவ்வளவாகப் பாயாது, அதனால் துருவும் வராது. நம் தண்ணீர் நல்லதா கெட்டதா என்று அந்த வித்தை ஒன்றுமே சொல்வதில்லை. தண்ணீரில் சந்தேகம் இருந்தால் கொதிக்கவைத்துக் குடியுங்கள், பி.எச்.ஐ. என்கிற பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இந்த வாசலுக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்று தீர்மானிக்கிற உரிமை நம்மிடம் எப்போதாவது இருந்ததா?

தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து அது தோட்ட நிர்வாகியான தொரையின் கையில் இருந்தது. மகள் வீட்டுக்கு வருகிற தகப்பனும் தொரைக்குத் தெரியாமல் வந்து தங்க முடியாத தோட்டங்கள் இருந்தன. தொழிற்சங்கக்காரர் லயத்துக்கு வந்தால் அத்துமீறல் என்று வழக்குப் போட முடிந்தது. ஆனால் கடன்காரனுக்கு மட்டும் பாதை திறந்தே இருந்தது. அந்தக் காலத்தில் கடன்காரன் வெளியே இருந்து வரவேண்டிய தேவையே இல்லை, கங்காணியே கடன்காரன். ஆள் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால் கடன் எவ்வளவு என்று எழுதின துண்டு கூடவே போகும். புதுத் தோட்டம் அந்தக் கடனைத் தீர்த்தால்தான் ஆளை எடுக்கலாம். அந்தத் துண்டு முறையை 1921இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். துண்டு போனது, கடன் போகவில்லை. ஆப்கான்காரர் என்று நம் பாட்டன்மார் சொன்ன வட்டிக்காரர்கள், அவர்களில் பலர் பலுசிஸ்தான் பக்கத்து ஆட்கள், சம்பள நாளில் கைத்தடியோடு வந்து நின்றார்கள். அளவுக்கு மீறின வட்டி என்றால் நீதிமன்றம் தலையிடலாம் என்று 1918ஆம் ஆண்டிலேயே இலங்கையில் சட்டம் இருந்தது. கைத்தடியைப் பார்த்து நிற்கிறவனுக்கு அந்தச் சட்டத்தை யார் போய்ச் சொன்னார்கள்?

இந்தக் கேகாலை மாவட்டத்திலேயே, உந்துகொடைப் பக்கத்தில் நேவ்ஸ்மியர் என்று ஒரு தோட்டம். 1940களின் நடுவில் அரசாங்கம் அதைக் கிராம விஸ்தரிப்புக்கு என்று எடுத்தது. காணியில்லாத சிங்களக் கிராமத்தவருக்குப் பிரித்துக் கொடுப்பது திட்டம். அவர்களுக்கும் காணி தேவைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் லயத்தில் இருந்த நூற்றுக்கணக்கான நம் ஆட்களுக்கு வெளியேறு என்று நோட்டீஸ் வந்தது. அவர்கள் போகவில்லை. போவதற்கு இடமும் இல்லை. அதை எதிர்த்து 1946இல் கேகாலைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. போகாதவர்கள்மேல் குற்றமுறை அத்துமீறல் என்று வழக்குப் போட்டார்கள். சொந்த அடுப்படியில் இருந்ததற்கு அத்துமீறல்! அதில் ஒருவர் பெயர் சின்னசாமி செல்வநாயகம். அவருடைய வழக்கு இங்குள்ள நீதிமன்றங்களில் தோற்று, லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1950இல் வென்றது.

சட்டம் படிக்கிற பிள்ளைகள் இந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள், இந்திய நீதிமன்றங்களும் இதை எடுத்துக்காட்டுகின்றன. நம் பிள்ளைகளுக்கு அது உந்துகொடையிலிருந்து போனது என்று தெரியாது. தீர்ப்பில் சொன்னவற்றில் இரண்டு நமக்கு வேண்டும். தண்டனைச் சட்டக்கோவையின் 427ஆம் பிரிவு, இன்னொருவர் இருக்கிற இடத்துக்குள் மிரட்டவோ அவமதிக்கவோ தொந்தரவு கொடுக்கவோ நினைத்து நுழைவதை, அல்லது நுழைந்தபின் அந்த நினைப்போடு போகாமல் நிற்பதை, குற்றம் என்கிறது. செல்வநாயகத்தின் நினைப்பு தன் வீட்டில் தங்குவது. யாரையும் தொந்தரவு செய்வது அல்ல. ஆகவே குற்றமில்லை. இது முதலாவது. இரண்டாவது, அந்தப் பிரிவு கேட்பது யார் அங்கே இருக்கிறார்கள் என்பதைத்தான். காணி உறுதி யார் பெயரில் என்பது வேறு விஷயம்.

இதைத் தொழிற்சங்க வரலாறாக, குடியுரிமை வரலாறாகச் சொல்வார்கள். சரிதான். நான் இதை வாசலின் வரலாறாகவும் பார்க்கிறேன். லயம் கம்பனியுடையது, காணி அரசாங்கத்துடையது, எங்களுக்கு என்ன உரிமை என்று கேட்கிறீர்கள் அல்லவா? அந்தக் காம்பராவில் குடியிருக்கிறவர் நீங்கள். 1971ஆம் ஆண்டின் தோட்டக் குடியிருப்புச் சட்டத்துக்குப் பிறகு, வேலை நின்றாலும் நீதிமன்றக் கட்டளை இல்லாமல் உங்களை வெளியே போட முடியாது. அப்படியிருக்க, கடன் வசூலிக்க வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்து, "காசு வைக்கிற வரைக்கும் எழும்ப மாட்டேன்" என்று பயமுறுத்துகிற ஆளுக்கு 427ஆம் பிரிவு பொருந்தாது என்று யார் சொல்ல முடியும்? நம் ஆட்களை விரட்ட வைத்திருந்த சட்டம் அது. அதை நாம் எடுத்துப் பேசவேண்டிய காலம் இது.

பேசுவது அவ்வளவு லேசில்லை என்று எனக்குத் தெரியும். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களுக்கு இரவில் வந்தவர்களிடம் வேண்டாம் என்று சொல்ல வழியிருக்கவில்லை. லயங்களைக் கொள்ளையடித்தார்கள், கொளுத்தினார்கள். 1977, 1981 இனக்கலவரங்களில் அப்படி அடிபட்ட குடும்பங்கள் பல இந்தச் சப்ரகமுவவை விட்டே வவுனியாப் பக்கம் போயின. மிஞ்சி இருந்தவர்களுக்கு, கிராமத்துக்கு நடுவில் சிதறிக் கிடக்கிற நம் தோட்டங்களில், முன்பின் தெரியாத ஆள் சிங்களத்தில் உரத்துப் பேசினால் இன்றைக்கும் நெஞ்சு படபடக்கும். கையில் ஃபைலோடு வருகிற இளம் வசூல்காரருக்கு இந்தக் கதை தெரிந்திருக்காது. ஆனால் அதன் பலன் அவருக்குக் கிடைக்கிறது. அறுபது எழுபது வயது அம்மா சண்டை வேண்டாமென்று, நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறார்.

இன்னொரு காரணம் நம் பழக்கம். வாசலுக்கு வந்தவரை "வாங்க" என்றுதான் கூப்பிடுவோம். ஒரு வாய் தேத்தண்ணி கொடுப்போம். தேத்தண்ணி குடித்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூச்சம். அதோடு பக்கத்துக் காம்பரா சுவர் மெல்லிசு. சத்தம் போட்டால் லயம் முழுக்கக் கேட்கும். மானத்துக்குப் பயந்து வாங்குகிறோம், மானத்துக்குப் பயந்து கட்டுகிறோம். நுண்கடன் கம்பனிகள் தம் தொழிலையே இந்த மானத்தின்மேல்தான் கட்டியிருக்கின்றன. அஞ்சு பெண்கள் ஒரு குறூப், கிழமைக்கொரு சென்டர் கூட்டம். ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்ற நாலு பேரையும் வீட்டுக்கு அனுப்பாமல் உட்காரவைப்பது. கடைசியில் அவள் வாசலில் வந்து கத்துகிறவர் கம்பனிக்காரர் அல்ல, கூடக் கொழுந்து எடுக்கிற சிநேகிதி. இதைவிடச் சாமர்த்தியமான வசூல்முறையை ஆப்கான்காரரும் கண்டுபிடிக்கவில்லை.

இது நம் லயத்துக் கதை மட்டுமல்ல. 2018இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, வசூலுக்கு வருகிறவர்கள் பெண்களைத் துன்புறுத்துவதையும் பாலியல் இலஞ்சம் கேட்பதையும் பற்றிப் பகிரங்கமாகப் பேசினார். அதே வருடம் அரசாங்கம், ஒரு இலட்சத்துக்குக் குறைந்த நுண்கடனைக் கட்டமுடியாமல் நின்ற பெண்களின் கடனைத் தள்ளுபடி செய்தது. ஆனால் அது வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களுக்கு மட்டும். இரத்தினபுரியும் கேகாலையும் மழை கொட்டுகிற மாவட்டங்கள், அந்தப் பட்டியலில் நாம் எப்படி இருப்போம்? மழை கொட்டினால் ரப்பர் மரத்தில் கத்தி வைக்க முடியாது, பேர் விழாது, அதாவது அன்றைய வேலை கணக்கில் ஏறாது, சம்பளம் குறையும் என்று அந்தப் பட்டியலைப் போட்டவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பு வந்தது. அது மத்திய வங்கியின் கண்காணிப்புக்குள் இருக்கிற கம்பனிகளுக்கு. பதிவில்லாமல் மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கு வரம்பு ஏது? 2021 மார்ச் 8, பெண்கள் தினத்தன்று, பொலன்னறுவை மாவட்டம் ஹிங்குராக்கொடையில் பெண்கள் நுண்கடனுக்கு எதிராகத் தெருவோரம் சத்தியாக்கிரகம் உட்கார்ந்தார்கள். அவர்கள் சிங்களப் பெண்கள். நம் கதையும் அவர்கள் கதையும் ஒன்று.

சரி, வாசலில் ஆள் நிற்கிறார். என்ன செய்வது?

உள்ளே கூப்பிடாதீர்கள். இஸ்தோப்பில் நின்றே பேசுங்கள், நீங்களும் நில்லுங்கள். உட்கார்ந்தால் அரைமணித்தியாலம் போய்விடும். வேண்டாம் என்றால் காரணம் சொல்லாதீர்கள். "இப்ப காசில்ல" என்றால் தவணைக்குத் தருகிறேன் என்பார். "வீட்டுக்காரர் இல்ல" என்றால் ஆறு மணிக்கு வருகிறேன் என்பார். "மகள்கிட்ட கேக்கணும்" என்றால் மகளின் நம்பர் கேட்பார். நாம் சொல்கிற ஒவ்வொரு காரணத்துக்கும் பதில் சொல்லிப் பழக்கித்தான் அவரை அனுப்பியிருக்கிறார்கள். வெறும் "வேணாம் தம்பி" என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. சிங்களத்தில் "ஓன நே மஹத்தயா" போதும். மரியாதையாகச் சொல்லுங்கள், அதையே திரும்பவும் சொல்லுங்கள், திரும்பி வேலையைப் பாருங்கள்.

ஏதாவது வாங்க விருப்பம் என்றாலும் அன்றைக்கு வாங்காதீர்கள். விலையையும் கம்பனிப் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள், டவுன் கடையில் அதே சாமான் என்ன விலை என்று பாருங்கள். ஐரோப்பாவில் வீட்டு வாசலில் விற்ற சாமானைத் திருப்பிக் கொடுக்க 1985இலேயே ஏழு நாள் அவகாசம் கொடுத்துச் சட்டம் செய்தார்கள், இப்போது பதினான்கு நாள். வாசலில் நிற்கிற ஆளுக்கு முன்னால் மனிதர்களுக்கு யோசிக்க வராது என்று பணக்கார நாடுகளே ஒத்துக்கொண்டிருக்கின்றன. நமக்கு யாரும் பதினான்கு நாள் தரப்போவதில்லை. அடுத்த 10ஆம் திகதி வரை தள்ளிப்போட்டு நாமே எடுத்துக்கொள்வோம்.

அடையாள அட்டையின் போட்டோக்கொப்பியைக் கொடுக்காதீர்கள். போனில் படம் எடுக்கவும் விடாதீர்கள். வங்கி அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் பிணையாக யார் கேட்டாலும், அந்த ஆளோடு பேச்சை நிறுத்துங்கள். வாசிக்கத் தெரியாத மொழியில் இருக்கிற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழில் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஏ.எல். படிக்கிற பிள்ளை வாசித்துச் சொல்கிற வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்கள். பொறுக்க மாட்டேன் என்கிறவரின் தாளில் என்ன இருக்கிறது என்று வாசிக்காமலே தெரியும்.

கடன் ஏற்கெனவே எடுத்திருந்தால்? கடன் கடன்தான், கட்டத்தான் வேண்டும். ஆனால் தவணை தவறினதற்காகப் பொலிஸ் வந்து பிடிக்கும் என்பது பொய். கடன் சிவில் விவகாரம், அவர் நீதிமன்றத்துக்குப் போகலாம், மத்தியஸ்த சபைக்குப் போகலாம். அங்கிருந்து கடிதம் வந்தால் கட்டாயம் போங்கள். அந்தக் கடிதம் வந்து சேர்வதே நமக்குப் பிரச்சினை. லயத்துக்குத் தனி விலாசம் இல்லாத தோட்டங்களில் நோட்டீஸ் தோட்ட ஒபிஸ் மேசையில் கிடக்கும், வழக்குத் திகதி முடிந்தபின் கைக்கு வரும். ஆகவே கடன் எடுத்தவர்கள் ஒபிஸில் வாரத்துக்கு ஒருதடவை கடிதம் கேளுங்கள். கட்டுகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் துண்டு வாங்குங்கள். வசூல்காரர் கொப்பியில் குறித்துக்கொண்டார் என்பது சாட்சியாகாது.

இருட்டினபின் வந்து நின்று மிரட்டினால், தனியாகப் பேசாதீர்கள். பக்கத்துக் காம்பராக்காரரைக் கூப்பிடுங்கள், பெயரையும் வாகன இலக்கத்தையும் கேட்டு எழுதுங்கள். போகச் சொல்லுங்கள். போகாவிட்டால் 119. மறுநாள் பொலிஸில் முறைப்பாடு எழுதும்போது, "போகச் சொன்னேன், போகவில்லை, மிரட்டினார்" என்ற மூன்றும் அதில் இருக்கிறதா என்று வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். கடன் நிறுவனத்தைப் பற்றிய முறைப்பாட்டுக்கு மத்திய வங்கியின் 1935. கெட்ட சாமானுக்குப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977. எல்லா நாளும் உடனே பதில் வரும் என்று நான் வாக்குத் தரமாட்டேன்.

இனி போன். இதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் போனை வைத்துவிடலாம். வாசலில் நிற்கிறவரை அப்படி வைக்க முடியாது. "உங்க நம்பருக்குப் பரிசு விழுந்திருக்கு" என்றாலும், "அஸ்வெசும காசு வந்திருக்கு, இப்ப வர்ற இலக்கத்தைச் சொல்லுங்க" என்றாலும், பேங்க் மனேஜர் பேசுகிறேன் என்றாலும், போனுக்கு வந்த ஓ.டி.பி. இலக்கத்தை யாருக்கும் சொல்லக்கூடாது. எந்த வங்கியும் அதைக் கேட்காது. மறந்து சொல்லிவிட்டால் வெட்கப்பட்டு மூடி வைக்காமல் உடனே வங்கிக்கு எடுத்து அட்டையை நிறுத்துங்கள். இணைய மோசடி பற்றிச் சொல்ல 101 இருக்கிறது.

விளம்பர அழைப்புகளை நிறுத்த அமெரிக்கா 2003இல் ஒரு பதிவேடு தொடங்கியது. நம்பரைப் பதிந்தால் வியாபாரிகள் எடுக்கக்கூடாது. இந்தியாவும் 2007இல் தொடங்கியது, இப்போது அங்கே 1909க்குச் சொன்னால் போதும். ஆனாலும் தமிழ்நாட்டில் இருக்கிற நம் சொந்தக்காரரைக் கேட்டுப் பாருங்கள், தினம் நாலு அழைப்பு வருகிறது என்பார்கள். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், நம் சம்மதம் இல்லாமல் விளம்பரச் செய்தி அனுப்பக்கூடாது என்கிறது. சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவருகிற திகதி தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அது ஒழுங்காக நடக்கிற வரை நம் கையில் இருக்கிற பதிவேடு போனின் பிளாக் பட்டன். அது எங்கே இருக்கிறது என்று பின்னால் நிற்கிற தம்பிமார் கூட்டம் முடிந்ததும் அம்மாமாருக்குக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

பிளாக் பண்ண முடியாத அழைப்பு ஒன்று இருக்கிறது. மச்சான் எடுப்பார். "ஒரு பிஸ்னஸ் இருக்கு, நீங்க மூணு பேரைச் சேர்த்தா போதும்" என்பார். அது பிரமிட் முறை. வங்கிச் சட்டத்தின்படி அது இலங்கையில் குற்றம், மத்திய வங்கி அப்படிப்பட்ட நிறுவனங்களின் பெயர்களை வெளியிட்டிருக்கிறது. மச்சானோடு சண்டை வேண்டாம். அவரும் போட்ட காசை எடுக்க வழி தேடுகிறார், பாவம். "நீங்க போட்டதே போதும், எங்கள விடுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் வீட்டு அக்காவுக்கு எடுத்து என்ன நடக்கிறது என்று கேளுங்கள். அநேகமாக அக்காவுக்கு அந்த விஷயமே தெரிந்திருக்காது.

நான் கொண்டுவந்தது இவ்வளவுதான். கேள்விகள் இருக்கும். கடன் தாள் கையோடு கொண்டுவந்தவர்கள் இந்தப் பக்க மேசைக்கு வாருங்கள், ஒவ்வொன்றாக வாசிப்போம். தெரணியகலைப் பக்கம் போகிறவர்கள் முதலில் வாருங்கள், உங்கள் பஸ் நேரத்தோடு போய்விடும்.